பெயர்களிலிருந்து தொடங்குங்கள்: மொன்றியல் கனடியன்ஸும் நானும்

1994 பெப்ரவரியில் நான் மொன்றியலில் வந்து இறங்கினேன். அதற்கு எட்டு மாதம் முன்னால், 1993 ஜூன் 9ஆம் திகதி, இந்த நகரத்தின் ஐஸ் ஹொக்கி அணியான கனடியன்ஸ், லொஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸை வென்று, வட அமெரிக்க ஹொக்கி லீக்கின் உச்சப் பரிசான ஸ்ரான்லி கிண்ணத்தை 24ஆவது தடவையாகத் தூக்கியிருந்தது. வேறு எந்த அணியும் இத்தனை தடவை வென்றதில்லை. நான் கோப்பை கழுவிய உணவகத்தின் சமையலறைச் சுவரில் அந்த நாளின் பத்திரிகைப் பக்கம் எண்ணெய்ப் புகையில் மஞ்சளாகி ஒட்டிக்கிடந்தது. "ஒரு வருடம் பிந்தி வந்துவிட்டாய், பரவாயில்லை, அடுத்த தடவை பார்ப்பாய்" என்றார் தலைமைச் சமையற்காரர். இதை எழுதும் நாள்வரை அந்த அடுத்த தடவை வரவில்லை. ஆனாலும் இந்த அணியை விட்டு நான் போகவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

புதிதாக வருகிற நம் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள்: "அண்ணை, இந்த ஹொக்கியை எங்கே இருந்து விளங்கத் தொடங்குவது?" ஓஃப்சைட் என்றால் என்ன, ஐசிங் என்றால் என்ன என்று விதிகளிலிருந்து தொடங்கினால் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். விதிகள் நாலு ஆட்டம் பார்த்தால் தானாக வரும். பெயர்களிலிருந்து தொடங்குங்கள். யார் யார், எந்த இலக்கம், எப்படிப் போனார்கள், போன பிறகு ஊர் அவர்களை எப்படி வைத்திருக்கிறது என்று கேளுங்கள். மொன்றியல் கனடியன்ஸின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

எனக்கு அதைக் கற்றுத்தந்தவர் கீழ்வீட்டு முதியவர். மொன்றியலின் பார்க் எக்ஸ்ரென்ஷன் பகுதியில் மூன்று தட்டு வீடு ஒன்றின் மேல்தட்டில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். கீழே அவர் தனியாக இருந்தார். ரயில்வே பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். முதல் குளிர்காலத்தில் அவருடைய வாசற்படிப் பனியை நான் இரண்டு மூன்று நாள் வழித்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை மாலை கதவைத் தட்டி, ஏழு மணிக்குக் கீழே வரச் சொன்னார். அப்போது நான் குடிவரவாளர்களுக்கான பிரெஞ்சு வகுப்பில் வினைச்சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவர் பேசியதில் பத்தில் இரண்டு சொல்தான் புரிந்தது. அதில் ஒன்று 'றொக்கெற்'. ஏவுகணை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். மோரிஸ் றிஷாருக்கு அதுதான் பட்டப்பெயர்.

றிஷார் யார் என்று கேட்டபோது, அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது அவர் அப்படிச் செய்ததை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. 1944-45 பருவத்தில் 50 ஆட்டத்தில் 50 கோல் அடித்த முதல் மனிதர், தொழிற்சாலையில் வேலை செய்த குடும்பத்துப் பிள்ளை, பிரெஞ்சு பேசுகிறவர். மொன்றியலில் பிரெஞ்சு பேசுகிறவர்கள்தான் பெரும்பான்மை. ஆனால் அன்றைய வங்கியும் கம்பனி மேசைகளும் ஆங்கிலேயர் கையில் இருந்தன. 1955 மார்ச்சில் பொஸ்ரனில் நடந்த ஆட்டத்தில் ஒரு கைகலப்பில் றிஷார் மத்தியஸ்தர் ஒருவரை அடித்துவிட்டார். லீக்கின் தலைவர் கிளாரன்ஸ் காம்பெல் அந்தப் பருவத்தின் மீதி ஆட்டங்களுக்கும் கிண்ணத்துக்கான ஆட்டங்கள் முழுவதற்கும் அவருக்குத் தடை போட்டார். மார்ச் 17ஆம் திகதி காம்பெல், கனடியன்ஸின் அன்றைய அரங்கான ஃபோரத்துக்கே ஆட்டம் பார்க்க வந்தார். கண்ணீர்ப்புகைக் குண்டு ஒன்று உள்ளே வெடித்தது. ஆட்டம் நின்றது. சனம் சென் கத்தரின் வீதியில் இறங்கிக் கடைக் கண்ணாடிகளை உடைத்தது. அடுத்த நாள் றிஷாரே வானொலியில் வந்து அமைதியாக இருக்கும்படி கேட்டுக்கொண்டார்.

முதியவர் அந்த இரவு அந்த வீதியில் நின்றவர். "அது ஹொக்கி இல்லை" என்று மட்டும் சொன்னார். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இங்கே அது நடந்த அடுத்த வருடம், 1956இல், இலங்கையில் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. சொந்த ஊரில் சொந்த மொழியோடு இரண்டாம் வரிசையில் நிற்பது எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அன்று இரவு மேலே படியேறிப் போனபோது இந்த அணி எனக்கும் உரியது என்று தோன்றியது. காரணம் வேறு ஒன்றுமில்லை.

அணியின் பெயரும் சின்னமும் இந்த மொழிக் கதையோடு பின்னியவைதான். 1909 டிசம்பர் 4ஆம் திகதி அணியைத் தொடங்கியவர் அம்புறோஸ் ஓபிறையன் என்கிற, ஒன்ராறியோவைச் சேர்ந்த ஆங்கிலம் பேசும் செல்வந்தர். பிரெஞ்சு வீரர்களுக்கென ஒரு அணி இருந்தால் ஆங்கில அணிகளோடு போட்டி சூடுபிடிக்கும் என்பது கணக்கு. மேசையில் போட்ட கணக்கு ஒரு மக்களின் உடைமையாக மாறிவிட்டது. சட்டையில் உள்ள பெரிய சி என்ற எழுத்துக்குள் எச் இருக்கும். பலர் அந்த எச்சை 'அபித்தான்' என்று சொல்வார்கள், அதாவது பழைய கியூபெக்கின் குடியானவர். 'ஹாப்ஸ்' என்ற செல்லப்பெயர் அந்தச் சொல்லிலிருந்துதான் வந்தது. ஆனால் சின்னத்தில் உள்ள எச் வெறும் ஹொக்கிதான்: 'கிளப் த ஹொக்கி கனடியன்'. வேலையிடத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள், ஊர்க்காரர் பலருக்கே தெரியாது. நான் சொன்ன நாளில் என் மேற்பார்வையாளர் முதல் தடவையாக என் பெயரைச் சரியாக உச்சரிக்க முயன்றார்.

இன்னொன்றையும் தமிழர் கவனிக்க வேண்டும். 1952இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் ஹொக்கி வர்ணனை தொடங்கியபோது, ரெனே லெகவாலியே என்ற வர்ணனையாளர் ஆங்கிலச் சொற்களை அப்படியே விடவில்லை. பக் (பனியில் ஓடும் றப்பர் வட்டு) என்பதற்கு 'ரொந்தெல்', ஸ்லாப் ஷொட் (மட்டையை ஓங்கி அடிக்கும் அடி) என்பதற்கு 'லான்சே ஃபிறாப்பே' என்று வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். சனிக்கிழமை இரவில் கேட்ட சொல்லைப் பிள்ளைகள் ஞாயிறு காலை தெருவில் சொல்லி விளையாடினார்கள். ஒரு கலைச்சொல் வாழ அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. என் பிரெஞ்சும் அப்படித்தான் வந்தது. வகுப்பு இலக்கணம் தந்தது, வாயைத் திறக்க வைத்தது ஹொக்கி. புதிதாக வருகிறவர்களுக்கு என் உறுதியான ஆலோசனை: ஆங்கில அலைவரிசையில் பார்க்காதீர்கள். முதல் மாதம் ஒன்றும் புரியாது. மூன்றாம் மாதம் வேலையிடத்தில் திங்கட்கிழமை காலை உங்களுக்கும் சொல்ல ஒரு வரி இருக்கும்.

மொழிச் சண்டை இன்னும் ஓயவில்லை. 2011 டிசம்பரில் பிரெஞ்சு தெரியாத ஒருவரைத் தற்காலிகப் பயிற்றுநராகப் போட்டபோது அணியின் இன்றைய அரங்கான பெல் சென்ரர் வாசலில் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2025 வசந்தத்தில் நகரப் பேருந்துகளின் நெற்றியில் வழக்கமாக ஓடும் 'கோ! கனடியன்ஸ் கோ!' என்ற வாசகத்தில் இருந்த 'கோ', அது ஆங்கிலச் சொல் என்ற ஒரு முறைப்பாட்டுக்குப் பிறகு, பிரெஞ்சு 'அலே' ஆக மாறியிருந்தது தெரியவந்தது. ஊர் முழுக்க விவாதம். கடைசியில் மொழிக்குப் பொறுப்பான அமைச்சரே பழைய முழக்கத்துக்கு ஆதரவாகப் பேசினார். என் மனம் இரண்டு பக்கமும் போனது. அரங்கில் இருபதாயிரம் பேரோடு சேர்ந்து கத்தியது 'கோ'தான், அதை நான் விடமாட்டேன். அதே நேரம் ஒரு சிறு சொல்லுக்காகக் கவலைப்படுகிற மக்களைக் குறைவாகப் பேச எனக்கு மனம் வராது.

சரி, மரபுக்கு வருகிறேன். உடைமாற்றும் அறையின் சுவரில், மறைந்தவர்களின் முகங்களுக்குக் கீழே, தளர்ந்த கைகளிலிருந்து தீப்பந்தத்தை உங்களிடம் எறிகிறோம், உயர்த்திப் பிடியுங்கள் என்ற பொருளில் சில வரிகள் இருக்கின்றன. முதல் உலகப் போரில் ஜோன் மக்ரே எழுதிய கவிதையிலிருந்து எடுத்தவை. அவர் மொன்றியலில் வேலை செய்த மருத்துவர். சுவரில் எழுதி வைப்பது யாருக்கும் முடியும். இவர்கள் அதைச் செய்து காட்டினார்கள். 1996 மார்ச் 11ஆம் திகதி, ஃபோரம் அரங்கில் கடைசி ஆட்டம் முடிந்த பிறகு அணியின் பழைய தலைவர்கள் (கப்டன்மார்) வரிசையாக வந்தார்கள். எமில் பூஷார் ஏந்தி வந்த தீப்பந்தம் கைமாறிக் கைமாறி அன்றைய தலைவர் பியேர் துர்ஜோனிடம் போய்ச் சேர்ந்தது. றிஷாரின் பெயரைச் சொன்னதும் அரங்கம் எழுந்தது. இருத்த முடியவில்லை. ஏழெட்டு நிமிடம். அவர் கையை உயர்த்திப் போதும் என்று காட்டக் காட்ட ஒலி கூடியது. கீழ்வீட்டில் அந்த முதியவர் தன் வரவேற்பறையில் எழுந்து நின்றார். நானும் நின்றேன். தொலைக்காட்சிக்கு முன்னால் எழுந்து நிற்கலாம் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

2000 மே மாதம் றிஷார் இறந்தபோது உடலை பெல் சென்ரரில் (அப்போது அதற்கு மோல்சன் சென்ரர் என்று பெயர்) பனித்தளம் இருக்கும் நடு இடத்தில் வைத்தார்கள். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வரிசையில் போனார்கள். முதியவருக்கு அப்போது முழங்கால் ஏலாது. அவரை மெற்றோவில் கூட்டிக்கொண்டு போய், ஒரு மடக்குக் கதிரையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையோடு நகர்ந்தேன். பத்தடி நகர்ந்தால் கதிரையை விரிப்பேன், அவர் இருப்பார். முன்னும் பின்னும் நின்றவர்கள் எங்களுக்கு இடம் விட்டார்கள், தண்ணீர் தந்தார்கள், நான் எந்த நாடு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஊரில் 'வடக்கின் பெரும் போர்' கிரிக்கெட் ஆட்ட நாளில் சென்றல் கல்லூரிப் பக்கமும் சென் ஜோன்ஸ் பக்கமும் பழைய மாணவர்கள், தாத்தாவும் பேரனுமாக, ஒரே கொடிக்குக் கீழே நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த வெயில் இங்கே இல்லை. மற்றபடி எல்லாம் தெரிந்த முகம்தான்.

2014 டிசம்பரில் ஜான் பெலிவோ போனார். ஆட்டக்காரராக மட்டும் பத்து ஸ்ரான்லி கிண்ணம் வென்றவர். இரசிகர் கடிதங்களுக்குத் தன் கையால் பதில் எழுதியவர். ஆளுநர் நாயகம் பதவி தேடி வந்தபோது, பேரப்பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்று வேண்டாமென்றவர். அவர் இறந்த பிறகு நடந்த முதல் உள்ளூர் ஆட்டத்தில் அரங்கில் அவருடைய இருக்கையை வெறுமையாக விட்டு, அதன்மேல் நாலாம் இலக்கச் சட்டையை விரித்து வெளிச்சம் காட்டினார்கள். பக்கத்து இருக்கையில் அவர் மனைவி எலிஸ். எனக்கு இந்த அணியின் அத்தனை கிண்ணங்களைவிட அந்த ஒரு வெற்று நாற்காலி பெரிது. 2022 ஏப்ரலில் எழுபதுகளின் நட்சத்திரம் கீ லஃப்லேர் மறைந்தபோதும் அப்படித்தான். மௌன அஞ்சலிக்கு முன்னால் ஏறக்குறைய பத்து நிமிடம் 'கீ! கீ! கீ!' என்று ஒரே குரல். அணி அந்தப் பருவத்தில் கடைசி இடத்தில் கிடந்தது. அன்று யாருக்கும் அது நினைவில் இல்லை.

இதில் ஒரு நடைமுறைப் பாடம் உண்டு. பிள்ளைக்கோ உங்களுக்கோ சட்டை வாங்குவதென்றால், இன்றைய நட்சத்திரத்தின் பெயர் போட்டதை அவசரப்பட்டு வாங்காதீர்கள். நான் சேர்த்த காசில் முதலில் வாங்கியது கோலி, அதாவது கோல் காப்பாளர், பற்றிக் றுவாவின் 33. 1995 டிசம்பரில் டெட்ரொயிற்றிடம் 11-1 என்று தோற்ற இரவில் அவர் மனமுடைந்து, நாலே நாளில் கொலறாடோவுக்குப் போய்விட்டார். சட்டை பல வருடம் பெட்டிக்குள் கிடந்தது. 2008இல் அதே 33ஐ, இனி யாரும் அணியாதபடி, அணி கூரையில் ஏற்றி ஓய்வு கொடுத்தபோதுதான் வெளியே எடுத்தேன். கூரையில் 15 இலக்கங்கள் தொங்குகின்றன, 18 வீரர்களுக்காக. அவற்றில் ஒன்றை வாங்குங்கள்: பெலிவோவின் 4, றிஷாரின் 9, லஃப்லேரின் 10. அவர்கள் எங்கேயும் போகப்போவதில்லை. தெருவில் முதியவர்கள் உங்களை நிறுத்திக் கதை சொல்வார்கள் என்பது கூடுதல் இலாபம்.

ரிக்கற் விடயத்தில் நான் சூடு கண்டவன். ஒருமுறை வாசலில் நின்ற ஒருவரிடம் இரண்டு ரிக்கற் வாங்கி, உள்ளே விடமாட்டோம் என்று திருப்பி அனுப்பப்பட்டேன். மகள் அழவில்லை, அதுதான் கூடுதலாக வலித்தது. வெளியே நிற்பவரிடம் ஒருபோதும் வாங்காதீர்கள். குடும்பமாகப் போக விரும்பினால் முதலில் பக்கத்து நகரமான லவாலுக்குப் போங்கள். மொன்மொறன்சி மெற்றோ நிலையத்துக்குப் பக்கத்திலேயே பிளாஸ் பெல் அரங்கம். கனடியன்ஸின் இளைய அணியான லவால் றொக்கெற் அங்கே ஆடுகிறது. விலை மிகக் குறைவு, பக்கின் சத்தம் காதில் விழும் தூரத்தில் இருக்கலாம். நாளைய கனடியன்ஸ் வீரரின் பெயரை ஊருக்கு முன்னாலேயே நீங்கள் தெரிந்துகொள்வீர்கள்.

மகளுக்கு ஆறு வயதில் ஸ்கேற் வாங்கியபோது எல்லாப் புலம்பெயர் பெற்றோரும் செய்கிற பிழையையே செய்தேன். வளர்கிற பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கினேன். ஜறி பூங்கா ஐஸில் கணுக்கால் உள்ளே மடிந்து மடிந்து விழுந்தாள். வாங்கிய ஸ்கேற்றின் விளிம்பைத் தீட்டித்தான் போட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாது. மொட்டைக் கத்தியில் நிற்பது போல அவள் நின்றாள். அப்போது கம்பை ஊன்றிக்கொண்டு வந்திருந்த முதியவர்தான் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஹொக்கி ஸ்கேற் சப்பாத்தின் அளவைவிட ஒன்று, ஒன்றரை சிறிதாக இருக்க வேண்டும், விரல் நுனி முன்பக்கத்தை இலேசாக உரச வேண்டும், குதி அசையக்கூடாது என்று சொல்லித்தந்தார். புதிது வேண்டாம், பழைய விளையாட்டுச் சாமான் விற்கும் கடைக்குப் போ, வருடம் ஒருமுறை கொடுத்து மாற்று என்றார். தலைக்கவசத்தை மட்டும் புதிதாக வாங்குங்கள். பலவற்றில் ஆயுள் திகதி ஒட்டியிருக்கும். நகரின் வெளிப்புற ஐஸ் றிங்குகள் இலவசம். கழகத்தில் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே விழட்டும்.

முதியவர் 2009இல் காலமானார், அணியின் நூறாவது ஆண்டில். மகளுக்கு அவர் நினைவு கொஞ்சம்தான். ஆனால் 2024 ஏப்ரல் 20ஆம் திகதி மொன்றியலின் தொழில்முறைப் பெண்கள் அணி பெல் சென்ரரில் ரொறன்ரோவோடு ஆடியபோது அவள்தான் எனக்கு ரிக்கற் எடுத்துத் தந்தாள். 21,105 பேர். பெண்கள் ஹொக்கி ஆட்டம் ஒன்றுக்கு அதுவரை உலகில் எங்கும் அத்தனை பேர் வந்ததில்லை. தலைவி மரி-பிலிப் பூலான் பனிக்கு வந்தபோது எழுந்த சத்தத்தில் எனக்கு 1996 காதில் கேட்டது. எனக்கு முன்வரிசையில் ஒரு சிறுமி, பூலானின் 29ஆம் இலக்கச் சட்டையோடு. கனடியன்ஸின் கூரையில் தொங்கும் 29 கோலி கென் டிறைடனுடையது. மகள் அதைக் கூரையில் காட்டி, அந்தச் சிறுமிக்குப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்றைய தலைவர் நிக் சுசுக்கி. ஜப்பானிய வேர் உள்ள ஒன்ராறியோப் பையன். 2022இல் தலைவரானபோது பிரெஞ்சு தெரியாதே என்று முணுமுணுப்பு எழுந்தது. அவர் படிக்கத் தொடங்கினார். கேட்கும்போது எனக்கு என் முதல் வகுப்பு நினைவுக்கு வருகிறது, உச்சரிப்பில் விழுகிற அதே இடங்கள்.

முதன்முதலாக பெல் சென்ரருக்குப் போகிறவர்கள் லூசியன் லலியே மெற்றோவில் இறங்குங்கள். உள்ளே போகும் முன் வெளியே மொரென்ஸ், றிஷார், பெலிவோ, லஃப்லேர் நால்வரின் சிலைகளையும் பாருங்கள். ஹோவி மொரென்ஸிலிருந்து தொடங்குங்கள். 1937இல் ஆட்டத்தில் கால் முறிந்து, மருத்துவமனையிலேயே இறந்தவர். இறுதிச்சடங்கு மார்ச் 11ஆம் திகதி ஃபோரம் அரங்கின் நடுவில் நடந்தது. ஃபோரத்தின் கடைசி ஆட்டம் நடந்ததும் அதே மார்ச் 11தான். ஆட்டம் ஏழு மணிக்கு என்றால் ஆறரைக்கே இருக்கையில் இருங்கள். விளக்கை அணைப்பதும் பழைய ஆட்களை அழைப்பதும் முதல் பக் விழுவதற்கு முன்னால்தான். பக்கத்தில் வயதானவர் யாராவது எழுந்து நின்றால் நீங்களும் எழுந்து நில்லுங்கள். அது யார் என்று அவரிடமே கேளுங்கள், பிரெஞ்சில்.